பேனாவுக்கு மசியாத பலகை

அத்தியாயம் பதினேழு

ஒரு மணிக்குள் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன இஸிதோரிடமிருந்து ஒன்றே கால் ஆகியும் போன் வரவில்லை.

குகைக்குள் இறங்குகிறவர்கள் வீட்டில் அது ஒரு சட்டம். சொன்ன நேரத்துக்கு மேல் கால் மணி நேரம் பொறுக்கலாம். அதற்கப்புறமும் சத்தமில்லை என்றால் மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிட வேண்டும். ஒன்பது வருட மணவாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரத்தைத் தமியானா எத்தனையோ முறை பல்லைக் கடித்துக்கொண்டு கழித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பத்தாவது நிமிடமோ பன்னிரண்டாவது நிமிடமோ அவன் குரல் கேட்டுவிடும்.

இன்று மழை. விடியற்காலையில் பிடித்த அக்டோபர் மழை இன்னும் விடவில்லை. லோக்விட்சா கிராமத்தில் பெய்கிற தண்ணீர் தெருவில் நிற்காது. சுண்ணாம்புப் பாறை அதை அப்படியே குடித்துவிடும். குடித்ததெல்லாம் கீழே, குகைக்குத்தான் போகும்.

ஒன்று பதினாறுக்கு அவள் மீட்புக் குழுவுக்குப் போன் போட்டாள். பெயர், இடம், எத்தனை பேர் என்று கேட்டார்கள். இஸிதோர், கூடவே பள்ளிக்கூட வாத்தியார் யெர்னே, ஆக இரண்டு பேர் என்றாள். குரல் நடுங்காமல் பதில் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நடுங்கியது அப்புறம்தான். முந்தின நாள் இரவு அவள் கணவனிடம், மழைக்காலத்தில் குகையா நானா, ஒன்றைச் சொல் என்று கேட்டிருந்தாள். அவன் பதில் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்கு அவன் அடுப்படியில் காபி போடுகிற சத்தம் கேட்டபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி பாசாங்கு செய்தாள். அவன் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

இரண்டேகாலுக்குப் போன் அடித்தது. பேசியது டாக்டர் வோய்கா. பக்கத்து ஊரில் பல் டாக்டர். வார நாட்களில் பல் பிடுங்குவார். இந்த மாதிரி நாட்களில் குகையிலிருந்து ஆட்களைப் பிடுங்குவார். மீட்புக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

குகை வாயிலிலிருந்துதான் பேசுவதாகச் சொன்னார். உள்ளே இருநூறு மீட்டரில் ஒரு தாழ்வான பாதை இருக்கிறது. வயிறு தரையில் பட ஊர்ந்துதான் போக வேண்டும். அது இப்போது கூரை வரைக்கும் தண்ணீர். இரண்டு பேரும் அதற்கு அந்தப் பக்கம். தண்ணீரை இறைக்க நாளை மதியம் ஆகும். தண்ணீருக்குள் நீந்திப் போகத் தெரிந்தவர்கள் தலைநகரிலிருந்து வர வேண்டும். வந்தாலும், கலங்கல் தண்ணீரில் இறங்குவார்களா என்பது சந்தேகம்.

"குகைக் கிளப்பு வரைபடம் உள்ள இருக்கிற ஏரியோட நின்னுடுது" என்றார் டாக்டர். "அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மேடு இருந்தா உக்காந்து காத்திருப்பாங்க. எல்லாம் பள்ளம்னா..."

குகைக்குள் ஒன்பது டிகிரி குளிர் என்றும், நனைந்த உடம்பு ஒரு இரவுகூடத் தாங்குவது கஷ்டம் என்றும், இஸிதோர் வரைந்து வைத்திருக்கிற புது வரைபடம் உடனே வேண்டும் என்றும் மட்டும் சொன்னார்.

வரைபடம் எங்கே இருக்கிறது என்று தமியானாவுக்குத் தெரியும். ஜன்னலோரத்து மேசையில், சக்களத்தியின் மடியில்.

அவள் சக்களத்தி என்று கூப்பிடுவது ஒரு பழைய டேப்லெட்டை. ஏதோ காப்பீட்டு நிறுவனம் வேண்டாம் என்று தள்ளியது. காய்கறி வெட்டும் பலகை அளவுக்குக் கனம். கீபோர்டு கிடையாது. விரலால் தொட்டால் ஏனென்று கேட்காது. அதற்கென்றே உள்ள பேனாவால் தொட்டால்தான் அசையும். அதனால்தான் இஸிதோர் அதன் மேல் உயிரை வைத்திருந்தான். கையில் சேறு படிந்த உறை, மேலே சொட்டுகிற தண்ணீர், எதுவும் அந்தப் பேனாவைக் குழப்பாது. குகைக்குள்ளேயே உட்கார்ந்து, அளந்த இடத்தை அளந்த இடத்திலேயே வரைந்துவிடலாம். மூன்று பேனாவைத் தொலைத்த பிறகு நாலாவதைத் தூண்டில் நரம்பால் பலகையோடு கட்டி வைத்திருந்தான்.

பேட்டரி செத்து இரண்டு வாரம் ஆகிறது. புதிது வந்து சேரவில்லை. சுவர் மின்சாரத்தில்தான் ஓடும் என்பதால் இன்று வீட்டில் விட்டுப் போயிருந்தான்.

தமியானா அதை எடுத்து மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம் கழித்துப் பாஸ்வேர்டு கேட்டது. திரையின் அடியில் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதுதான்.

பலகை கனம் தாங்காமல் சரிந்தது. பிடித்தாள். பிடித்த வேகத்தில் கட்டைவிரல் ஓரத்திலிருந்த ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டது. திரையில் இருந்த படம் தலைகீழாகத் திரும்பியது.

சரி, பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தாள். ஆனால் படம் திரும்பியது பேனாவுக்குத் தெரியவில்லை. அவள் கீழே தொட்டால் அம்பு மேலே போய் உட்கார்ந்தது. இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் ஓடியது. அதே பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தாள். படம் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டது. இன்னும் இரண்டு முறை அழுத்தியும் பழைய நிலைக்கு வரவில்லை.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் எதிர்ப்பக்கத்தைத் தேடித் தேடித் தொட்டாள். தன் பெயரைப் போட்டாள். தவறு என்றது. கல்யாண நாளைப் போட்டாள். தவறு. செத்துப்போன நாயின் பெயரைப் போட்டாள். அதற்கும் தவறு. பேனா பிடித்த விரல்கள் வியர்வையில் வழுக்கின.

அடுப்புப் பக்கம் மாமியார் ஸ்லாவிட்சா முட்டைக்கோசும் பீன்ஸும் போட்ட யோத்தா சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். எழுபத்தொரு வயது. இன்று யாரும் அதைக் குடிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவள் கை நிற்கவில்லை.

"அத்தை, நான் காஷ்பரைக் கூப்பிடப் போறேன்" என்றாள் தமியானா.

கரண்டி ஒரு கணம் நின்றது. "கூப்பிட்டா வந்துடுவானா?" என்றாள் ஸ்லாவிட்சா. மறுபடி கிளற ஆரம்பித்தாள்.

காஷ்பர் இஸிதோரின் தம்பி. இந்தப் பலகைக்கு உயிர் கொடுத்தவனே அவன்தான். ஆறு வருடத்துக்கு முன் அதிலிருந்த பழைய இயங்குதளம் எதற்கும் உதவாது என்று துடைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டான். போட்டது ஒரு மணி நேரம். அந்தப் பேனாவை அதற்குப் புரிய வைக்க ஒரு குளிர்காலம் பிடித்தது. அண்ணனும் தம்பியும் இதே சாப்பாட்டு மேசையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாவு பிசைய இடமில்லை என்று ஸ்லாவிட்சா சத்தம் போடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் எல்லாம் கெட்டது. ஏரி வரைக்கும் வரைந்த பாதி வரைபடத்தைக் காஷ்பர், அண்ணனைக் கேட்காமல், குகைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டான். யாரோ எங்கேயோ இலவசமாக எழுதிக் கொடுத்ததை வைத்துத்தானே நம் பலகை ஓடுகிறது, நாம் மட்டும் மூடி வைப்பதா என்பது அவன் நியாயம். பாதி வரைபடத்தை நம்பி இறங்குகிறவன் பிணமாகத்தான் வெளியே வருவான் என்பது இஸிதோரின் நியாயம். கிளப்பின் வருடாந்திர விருந்தில், நாற்பது பேர் பார்க்க, தம்பியைத் திருடன் என்று சொல்லிவிட்டான். இந்த வீட்டில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான் காஷ்பர். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக்கூட அவளைத் தான் வேலை பார்க்கிற துறைமுக ஊரான கோப்பருக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டினானே ஒழிய, இங்கே வரவில்லை.

காஷ்பர் போனை இரண்டாவது மணியிலேயே எடுத்தான். தமியானா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் துறைமுகக் கிரேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பலகை ஆன் ஆகுதா அண்ணி?"

"ஆகுது. என் பேச்சைத்தான் கேக்க மாட்டேங்குது."

"எதையும் தொடாதீங்க. வரேன்."

மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவனுடைய வெள்ளை வேன் முற்றத்தில் வந்து நின்றது. குடை இல்லாமல் ஓடி வந்து, வாசற்படியில் ஒரு நொடி தயங்கினான்.

"செருப்பைக் கழட்டிட்டு வா" என்றாள் ஸ்லாவிட்சா.

அவன் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இரண்டு வருடத்துக்கும் அவ்வளவுதான் பேச்சு.

கையோடு ஒரு கீபோர்டு கொண்டுவந்திருந்தான். அதைச் செருகி, தான் முன்பு வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை அடித்தான். தவறு என்றது. மறுபடி மெதுவாக அடித்தான். தவறு.

"மாத்திட்டான்" என்றான். முகத்தில் ஏதோ வந்து போனது. அதைத் தமியானா பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

பிறகு சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். மூடி போய், ஒட்டுப்போட்ட டேப் அழுக்கேறியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் இந்தப் பலகைக்காகவே அவன் தயார் செய்தது. இயங்குதளம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று வேலை செய்துகொண்டே சொன்னான். இதிலிருந்து பலகையை எழுப்பிவிட்டால், இஸிதோர் போட்ட பூட்டை அது கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கிற கோப்புகளை அப்படியே படிக்கலாம்.

"அப்ப பூட்டுன்னு ஒண்ணு எதுக்கு?" என்று கேட்டாள் ஸ்லாவிட்சா.

"வாசலுக்குத்தாம்மா பூட்டு. ஜன்னலைத் தொறந்து போட்டிருக்கான்."

முதல் முறை திரை கறுப்பாகவே நின்றது. இரண்டாம் முறை சரியான பொத்தானைச் சரியான நொடியில் பிடித்தான். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. எழுத்துகள் நின்று படம் வரப்போகிற நேரத்தில் மலைப்பக்கம் ஒரு இடி. அடுப்படி விளக்கு அணைந்தது. பலகையும் அணைந்தது.

மூன்று பேரும் மங்கலில் நின்றார்கள். மின்சாரம் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். போனில் டாக்டர் வோய்காவிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருக்கிறது.

"நான் அப்பவே சொன்னேன், முழுசையும் கிளப்புக்குக் குடுடான்னு" என்று காஷ்பர் பல்லுக்குள் முனகினான். "ஊர் பூரா ஒரு நகல் இருந்திருந்தா இப்ப இந்தச் சனியனைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்."

"இப்ப வேணாம் காஷ்பர். அவர் வந்தப்புறம் நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்க."

அவன் தலையை ஆட்டினான். வேனில் கார் பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம் எடுக்கிற ஒரு பெட்டி இருக்கிறது என்று ஞாபகம் வந்து, பலகையைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு மழையில் ஓடினான். பின்னாலேயே தமியானா. ஸ்லாவிட்சாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேனில் ஏறிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். என்ஜினை ஓடவிட்டான். கண்ணாடியில் ஆவி படிந்தது.

இந்த முறை பலகை எழுந்தது. திரை நேராக வந்தது, ஆனால் பேனா இன்னும் கோணல் புத்தியோடு வேறு பக்கம் ஓடியது. காஷ்பர் கீபோர்டில் ஒரு வரி அடித்தான். பேனாவால் நடுத்திரையைத் தொட்டான். அம்பு பேனா முனைக்கு நேர் கீழே வந்து நின்றது.

"மசிஞ்சிடுச்சு" என்றான் மெதுவாக.

கோப்புகளைத் திறந்து தேட ஐந்து நிமிடம் ஆனது. பிறகு வரைபடம் வந்தது.

தமியானா அதை இதுவரை ஒரு தரம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒன்பது வருடம் தன் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற விஷயம் இத்தனை அழகாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுவர்கள், பாறைகள், தண்ணீர் சொட்டுகிற இடம், களிமண், எல்லாம் கணவனின் கையால், சின்னச் சின்னக் கோடுகளாக. பக்கத்தில் அவனுடைய சாய்ந்த எழுத்தில் அளவுகள்.

காஷ்பர் பேனாவால் நகர்த்திக்கொண்டே போனான். ஊர்ந்து போகிற பாதை. அப்புறம் ஏரி. கிளப்பு வரைபடம் முடிகிற இடம். ஏரிக்கு அந்தப் பக்கம் பாதை பள்ளமாகவே போயிற்று. அவன் இன்னும் நகர்த்தினான். பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தண்ணீருக்குள் போனது. மற்றது மேலே ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

"மேடு" என்றான் காஷ்பர். "பெரிய மேடு. காஞ்ச இடம்னு எழுதியிருக்கான் பாருங்க."

அவள் போனில் திரையைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். முதல் இரண்டு படமும் கலங்கலாக விழுந்தன. மூன்றாவது தெளிவாக வந்தது. டாக்டர் உடனே கூப்பிட்டார். அங்கே ஏறியிருந்தால் மூழ்க மாட்டார்கள், ஆனால் குளிர் இருக்கிறதே, நாளை மதியம் வரைக்கும் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். வேறு வாசல் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார்.

காஷ்பர் அதற்குள் வரைபடத்தை ஊர் நிலப்படத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறிப்போன அந்தப் பாதை மலையைத் தாண்டி, சாலையைத் தாண்டி, லோக்விட்சாவுக்குள் வந்தது. ஒரு கல் குவியலில் போய் முட்டி நின்றது. நின்ற இடத்தைப் பேனாவால் பெரிதாக்கினான்.

வேன் நின்றுகொண்டிருந்த முற்றம் அது. கல் குவியல் இருந்தது பத்தடி தள்ளி, வீட்டுக்குப் பின்னால், பழைய ஆட்டுப்பட்டிக்கு நேர் கீழே.

கல் குவியலுக்குப் பக்கத்தில் இஸிதோரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. தமியானா வாய்விட்டுப் படித்தாள்.

'மேலேயிருந்து காற்று வருகிறது. அம்மாவைக் கேட்க வேண்டும்.'

இரண்டு பேரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஸ்லாவிட்சாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஆவி படிந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டானா?" என்றான் காஷ்பர்.

"கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்லைன்னேன்."

மழை வேன் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்லாவிட்சா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பட்டியில் விறகு அடுக்கியிருக்கிற இடத்துக்கு அடியில் சிமென்ட் பலகை ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் கிணறு மாதிரி ஒரு குழி. அவள் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் மாமனார் இல்லாத நாள் பார்த்து அவள் கணவர் அல்பின் அதை மூடினார். ஆட்டுக்குட்டி விழுகிறது என்று ஊரில் சொன்னார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அல்பினும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆட்டுக்குட்டிக்காக மூடிய குழியைப் பெற்ற பிள்ளையிடம் எதற்கு மறைத்தாய் என்று காஷ்பர் கேட்டான். மறுபடி கேட்டான். குரல் உயர்ந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் திறக்காமல் வேறு வழியே இல்லையா என்று அவள் கேட்டது இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

தமியானா மாமியாரின் கையைப் பிடித்தாள். ஒன்பது வருடத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

"அத்தை, நீங்க எதையும் இப்ப சொல்ல வேணாம். நான் கேக்கவும் மாட்டேன். ஆனா உள்ள குளிர்ல உக்காந்திருக்கறது உங்க பிள்ளை. நான் அந்தக் கல்லை உடைக்கப் போறேன். நீங்க வேணாம்னாலும் உடைப்பேன்."

ஸ்லாவிட்சா கையை விடுவித்துக்கொண்டாள். வேனை விட்டு இறங்கி மழையில் நடந்தாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள் என்றுதான் தமியானா நினைத்தாள். அவள் வீட்டுக்குள் போகவில்லை. கொட்டகைக்குள் போய், தன் உயரத்துக்கு இருந்த கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு பட்டிப் பக்கம் போனாள்.

விறகை ஒதுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் டாக்டர் வோய்கா நாலு ஆட்களோடும் பாறை துளைக்கும் இயந்திரத்தோடும் வந்து சேர்ந்தார். சிமென்ட் ஒரு சாண் கனம். உள்ளே தண்டவாளக் கம்பி வைத்துப் போட்டிருந்தது. ஆட்டுக்குட்டிக்கு இவ்வளவு எதற்கு என்று ஒரு ஆள் கேட்டான்.

ஐந்து மணிக்குச் சற்று முன் ஒரு மூலை பெயர்ந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் இரண்டு நொடி கழித்துத்தான் கேட்டது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று, ஈரமண் வாசனையோடு, தமியானாவின் முகத்தில் வந்து மோதியது. டாக்டர் எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்தினார்கள். தமியானா மண்டியிட்டு ஓட்டைக்குள் கணவனின் பெயரைக் கூப்பிட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். காஷ்பர் அவள் தோளைப் பிடித்து ஒதுக்கி, இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தான்.

கீழேயிருந்து, மெலிதாக, மூன்று சீழ்க்கை வந்தது.

தமியானா அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆள் இறங்குகிற அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கிக் கயிறு கட்டினார்கள். இருபத்திரண்டு மீட்டர் ஆழம். காஷ்பர் வேனிலிருந்து தன் குகை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு வருடமாக அதை வேனிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் போலிருக்கிறது. டாக்டர் தடுத்தார். மீட்பு வேலையில் சொந்தக்காரர்களை இறக்கக் கூடாது என்பது விதி.

"எனக்கும் அவனுக்கும் ரெண்டு வருஷமா சொந்தம் கிடையாது டாக்டர்" என்றான் காஷ்பர்.

டாக்டர் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு கயிற்றின் முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டு, இறங்கு என்று கை காட்டினார். அவனோடு ஒரு கம்பி டெலிபோனும் கீழே போயிற்று. மேல்முனையை டாக்டர் தமியானாவின் கையில் கொடுத்தார்.

கம்பி அவிழ்ந்துகொண்டே போனது. நின்றது. ஒரு கரகரப்பு. கீழே இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். திட்டுகிறார்களா, அழுகிறார்களா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு காஷ்பரின் குரல் தெளிவாக வந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். யெர்னேவுக்கு ஒன்றும் இல்லை, பயம்தான். இஸிதோருக்குக் கணுக்கால் உடைந்திருக்கிறது, உதடு நீலம், ஆனால் பேசுகிறான். கல் குவியலை நாலு மணி நேரம் கையாலேயே பிரித்துப் பிரித்து, குழியின் அடிக்கு வந்திருக்கிறார்கள்.

டாக்டர் ஸ்ட்ரெச்சருக்கு உத்தரவு போட்டார். ஆட்கள் ஓடினார்கள். தமியானா கணவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"தமியானா" என்றான் இஸிதோர். பல் தந்தியடித்தது. அவள் பேச வாயெடுப்பதற்குள், "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்காங்க."

"கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு."

தமியானா நிமிர்ந்து பார்த்தாள். ஸ்லாவிட்சா ஓட்டையின் விளிம்பிலேயே, மழையில், தலைக்குட்டை நனைய நின்றுகொண்டிருந்தாள். தள்ளிப் போகச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"சொல்லுங்க" என்றாள் போனில்.

"கல்லை நகத்துறப்ப ஒருத்தரைப் பார்த்தோம்." நிறுத்தி மூச்சு வாங்கினான். "இன்னிக்கு நேத்து ஆள் இல்ல. ரொம்ப வருஷமாச்சு. எலும்புதான். தானா விழுந்த மாதிரியும் தெரியல, மேல கல்லை அடுக்கி மூடியிருக்கு. டாக்டர்கிட்ட மெதுவா சொல்லு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அந்தப் பழைய கம்பி டெலிபோன் எதையும் ரகசியமாகச் சொல்லத் தெரியாத ஜாதி. நின்றிருந்த எல்லாருக்கும் கேட்டது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

ஸ்லாவிட்சா குனிந்து, மருமகளின் தோளைத் தொட்டாள்.

"வலது கையில மோதிரம் இருக்கான்னு கேளு" என்றாள்.

தமியானா கேட்டாள். கல் மேல் பூட்ஸ் உரசுகிற ஒலி மட்டும் வந்தது. பிறகு காஷ்பரின் குரல்.

"இருக்கு" என்றான். "அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் வோய்கா ஒரு எட்டு முன்னால் வந்தார். காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்று, தயக்கத்தோடுதான், சொன்னார். ஸ்லாவிட்சா சரி என்பதுபோலத் தலையசைத்தாள். ஆடாமல் நின்றாள். முகத்தில் வழிந்த மழையைத் துடைக்கக்கூட இல்லை.

"கூப்பிடுங்க. ஆனா அவங்க கேக்கறதுக்கு முன்னாடி என் பிள்ளைங்க ரெண்டு பேரும் மேல வரட்டும்" என்றாள். "என்னால ஒரு தடவைதான் சொல்ல முடியும்."